எந்தூருங்க, ஆருங்க

பெரியநாயக்கன்பாளையம்
4 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பொற்கொடி எழுதுகிறேன். உங்களுக்கும் ராசாத்தாள் நங்கைக்கும் உடம்பு சௌகரியம்தானே? கல்யாண மண்டபத்தில் நங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கட்டின பெண்டாட்டியை டாக்டரிடம் காட்டினீர்களா? நான் சௌகரியம். அவரைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து வந்த பிறகு பல தடவை போன் செய்துவிட்டேன். நீங்கள் கட் செய்கிறீர்கள். எடுக்காமல் விட்டிருந்தால் தோப்பில் இருக்கிறார் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். கட் செய்வது போனைக் கையில் வைத்திருக்கிறவர் செய்கிற வேலை. அதனால்தான் தபால். கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள்.

அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், சாவடி மாமா வெற்றிலை மென்றுகொண்டு சிரிக்க, "எந்தங்கச்சி சோத்த வித்தாள்னா நான் அவகூடப் பேசறதில்லீங்க" என்று சொன்னீர்கள். ஏன் விற்கப் போகிறேன் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்காததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆடியிலிருந்து பட்டறைக்கு வேலை இல்லை. பம்பு கம்பெனிக்காரர்கள் ஷாஃப்ட் கடைந்து தரச் சொல்லிக் கொடுத்தால்தான் எங்களுக்குப் பிழைப்பு. அவர்களுக்கே ஆர்டர் இல்லையாம். திருப்பூரில் பனியன் நிற்கிறது, இங்கே பம்பு நிற்கிறது. வேலைக்கு இருந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டோம். உங்கள் மாப்பிள்ளை தினமும் போய் ஷட்டரைத் திறந்து, இரண்டு லேத்தையும் துடைத்து, பேப்பர் படித்து, ஷட்டரைச் சாத்திவிட்டு வருகிறார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதென்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லேத்துகளை விற்றுவிட்டு யூனிபார்ம் போட்டுக்கொள்கிறேன் என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தை பிறக்கும்வரை பொறுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பட்டறை வாசலில் காலையில் சந்தகை பிழிந்து விற்கப் போகிறேன். சுற்றிலும் பவுண்டரி, ஏழு மணிக்கு ஷிஃப்ட். வருகிறவர்கள் டீயும் பன்னும் தின்றுவிட்டு நெருப்பு முன்னால் நிற்கிறார்கள். கடை நிலைத்துவிட்டால் பட்டறை வாடகைக்கு ஆகும். பட்டறை இருந்தால் அவர் அவராக இருப்பார். இதுதான் விஷயம் அண்ணா, வேறு பேராசை இல்லை.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் தங்கை
பொற்கொடி


தொண்டாமுத்தூர்
15 செப்டம்பர் 2025

அம்மணி பொற்கொடிக்கு,

அண்ணன் பாலுசாமி. உயிரோடு இருக்கிறேன். ராசாத்தாளும் இருக்கிறாள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் அது பேச்சுக் கணக்கில் சேரும். தபாலுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

நம் வீட்டில் மாடு விற்றிருக்கிறோம், மஞ்சள் விற்றிருக்கிறோம். வந்தவருக்குப் போட்ட சோற்றுக்குக் கை நீட்டியதில்லை. விற்பதற்கு உலகத்தில் வேறு பொருளே இல்லையா? பெண்கள் வீட்டிலிருந்தபடியே புடவை விற்கிறார்கள், ஊதுபத்தி விற்கிறார்கள். நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வருகிறாய்.

இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. தேங்காய்க்கு நல்ல விலை என்று பேப்பரில் போடுகிறார்கள். மரத்தில் காய் இல்லாதபோது விலை ஏறி என்ன, இறங்கி என்ன. வாழை கொஞ்சம் தப்பித்திருந்தது, போன வாரம் யானை வந்து அதையும் பார்த்துவிட்டுப் போனது. காலையில் எழுந்து தோப்பைச் சுற்றி வருவதற்கே சலிப்பாக இருக்கிறது.

எவ்வளவு சொன்னாலும் நடத்தத்தான் போகிறாய். நடத்து. ஒன்றே ஒன்று கேள். யாருக்குப் போடுகிறோம் என்று தெரிந்து போடு. எந்த ஊர், யார், குலத்தில் என்ன கூட்டம் என்று விசாரித்துக்கொள். நம்மவர் என்றால் கூட்டத்தின் பெயரைச் சொன்னதும் பங்காளியா, மாமன் மச்சானா என்று விளங்கிவிடும். அவர்கள் வம்பு பண்ண மாட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் நாளைக்கு நாலு பேர் பேசுவார்கள். அதைக் கேட்க என்னால் முடியாது.

மழை வரும்போல இருக்கிறது. தேங்காய் மட்டையை எடுத்து வைக்க வேண்டும்.

பாலுசாமி


பெரியநாயக்கன்பாளையம்
3 அக்டோபர் 2025

அண்ணனுக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. திட்டுதான் என்றாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம். நங்கையைப் பற்றிக் கேட்டால் 'இருக்கிறாள்' என்று எழுதுகிறீர்கள். ஆட்டைப் பற்றிக் கேட்டால்கூட இதைவிட நாலு வரி சேர்த்து எழுதுவீர்கள்.

கடை ஆரம்பித்துவிட்டேன். ஷட்டரை ஒட்டி ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. போர்டெல்லாம் இல்லை. மாவை இட்லியாக வேகவைத்துச் சூடு ஆறுவதற்குள் மெஷினில் வைத்துப் பிழிந்தாக வேண்டும், ஆறினால் இறுகிவிடும். எனக்குத் தோள் வலிக்கிறது என்று அவரே பிழிய வந்துவிட்டார். ஆரம்பத்தில் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிழிந்தார். பிறகு மெஷினின் திருகு கடினமாக இருக்கிறதென்று சின்ன லேத்தில் வேறு திருகு கடைந்து மாட்டினார். வெகுநாளைக்குப் பிறகு பட்டறைக்குள் லேத் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் மாட்டிக்கொள்ளவில்லை.

தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றினால் இனிப்பு, எலுமிச்சை தாளித்தால் காரம். தட்டைக் கையில் எடுத்ததும் இனிப்பா காரமா என்று கேட்பேன். நீங்கள் சொன்னபடி இன்னொன்றும் கேட்கிறேன். "எந்தூருங்க, ஆருங்க" என்று விசாரித்தால் சிலருக்கு முகம் மலர்ந்துவிடுகிறது. கூட்டம் சொல்கிறார்கள், குலதெய்வக் கோயில் சொல்கிறார்கள். ஒன்று பங்காளியாக இருக்கிறார்கள், இல்லையென்றால் மாமன் மச்சான். இரண்டில் யாரிடமும் காசுக்குக் கை நீட்ட எனக்கு வரவில்லை அண்ணா. "நம்ம ஊட்டுல சாப்புட்டதுக்குக் காசா" என்று நானே சொல்லிவிடுகிறேன். சாவடி மாமாவின் மகள் வீடு பக்கத்தில்தான். அவர் இப்போது அடிக்கடி மகளைப் பார்க்க வருகிறார்.

நல்லவேளையாக பவுண்டரி ஆட்கள் இருக்கிறார்கள். சுப்பண்ணன் என்று வயதானவர் ஒருவர், அச்சுக் கட்டுகிற வேலை. அவர் முதல் வாரமே வந்து, மறுநாள் தன்னுடன் ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்துவிட்டார். சத்தமில்லாமல் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்து, சில்லறையாகக் காசு கொடுத்துவிட்டுப் போவார்கள். கடை அவர்களால்தான் ஓடுகிறது.

ஆயுத பூஜைக்கு இரண்டு லேத்துக்கும் சந்தனம் வைத்தோம். அவர் பெரிய லேத்தை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார். அதில் கடைய ஒன்றும் இல்லை.

நங்கையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

பொற்கொடி


தொண்டாமுத்தூர்
14 அக்டோபர் 2025

அம்மணிக்கு,

இங்கே எப்போதும்போல. தீபாவளிக்கு நீ வரமாட்டாய் என்று தெரியும், நான் கூப்பிடவும் முடியாது. புடவை வாங்கி வைத்திருக்கிறேன், யார் மூலமாவது அனுப்புகிறேன்.

சாவடி மாமாவுக்கு மகள் பாசம் பொங்கியதைக் கேட்டு நானும் ராசாத்தாளும் சிரித்தோம். மண்டபத்தில் உன்னைப் பார்த்துச் சிரித்தவர், இப்போது உன் சந்தகையைத் தின்றுவிட்டு உடம்பை வளர்க்கிறார். அவரிடம் நீ கேட்கவும் முடியாது, அவர் கொடுக்கவும் மாட்டார். சொந்தம் என்றால் அப்படித்தான்.

ஆனால் விசாரித்துக்கொள்வதை விட்டுவிடாதே. அந்தப் பவுண்டரிக்காரர்கள் யார் என்ன என்று நீ எழுதவில்லை. அந்தப் பெரியவரிடம் கேட்டாயா? மற்றவர்கள் எப்போது கேட்பார்கள் என்று இருக்க வேண்டாம், நீயே கேட்டுவிடு. மரியாதையாகக் கேட்டால் யாருக்கும் கோபம் வராது.

ராசாத்தாள் எழுதவில்லை, அவளுக்கு எழுத்தில் சோம்பல். நன்றாக இருக்கிறாள்.

பாலுசாமி


பெரியநாயக்கன்பாளையம்
23 நவம்பர் 2025

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? புடவை வந்தது, அரக்கு நிறம் எனக்குப் பிடிக்குமென்று நினைவு வைத்திருக்கிறீர்கள். நங்கையின் போன் சில நாளாக அணைந்தே கிடக்கிறது. ரீசார்ஜ் செய்யவில்லையா?

கடையில் ஆள் இல்லை. தீபாவளிக்குப் பிறகு பவுண்டரிக்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஊருக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று இருந்தேன். பவுண்டரியில் புகை போகிறது, சங்கு ஊதுகிறார்கள், கடை முன்னால்தான் நடந்து போகிறார்கள். போகும்போது வேறு பக்கம் பார்க்கிறார்கள். முக்குக் கடையில் பன் தின்கிறார்கள்.

எங்கே தப்பு என்று யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. தேங்காய்ப்பால் நீர்த்துவிட்டதோ என்று கெட்டியாகப் பிழிந்தேன். எண்ணெயை மாற்றினேன். காரத்துக்குச் சட்னி சேர்த்தேன். தட்டுக்கு விலை குறைத்தேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியாக சுப்பண்ணன் வந்த நாள் நினைவிருக்கிறது. பெஞ்சில் சாவடி மாமாவும் இரண்டு பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் எழுதியிருந்தீர்களே என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "எந்தூருங்க, ஆருங்க?" என்றேன். கூடலூர்ப் பக்கம் என்றார். "அங்க என்ன கூட்டமுங்க?" என்று கேட்டேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நாங்க கூட்டமெல்லாம் இல்லீங்கம்மா" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, முழுத் தட்டுக்கும் காசு வைத்துவிட்டுப் போய்விட்டார். வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

உங்கள் மாப்பிள்ளை வாட்ச்மேன் வேலைக்குப் போய் ஆளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். தை பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். தொப்பியின் அளவுகூட எடுத்துவிட்டார்கள். நேற்று மீந்த சந்தகையை நாங்களே மூன்று வேளையும் சாப்பிட்டோம். களைப்பாக இருக்கிறது அண்ணா.

பொற்கொடி


பெரியநாயக்கன்பாளையம்
9 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தோப்பில் வேலையாக இருப்பீர்கள்.

ஆட்கள் ஏன் நின்றார்கள் என்று தெரிந்துவிட்டது. சட்னியை இன்னொரு தடவை மாற்றலாமா என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, உங்கள் மாப்பிள்ளை மெஷினைக் கழுவிக்கொண்டே, "நீ சட்னிய மாத்தி என்னாகறது, கேக்கறதையில்ல மாத்தோணும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. "நம்மகிட்டக் கேட்டா நாம கூட்டஞ் சொல்லுவோம். அவிய என்னத்தச் சொல்லுவாங்க?" என்றார்.

நம் தோட்டத்துச் சாளை வீட்டில், வெளிச்சுவர்ப் பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் கண்ணில் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் தாங்களே எடுத்துக் குடித்து, தாங்களே கழுவிக் கவிழ்ப்பார்கள். சுப்பண்ணனும் அவர் ஆட்களும் என் கடையில் தட்டைக் கழுவி வைத்ததை நல்ல பழக்கம் என்று உங்களுக்குப் பெருமையாக எழுதினேன். அவர்கள் எதற்காகக் கழுவினார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பங்காளிகள் யாரும் கழுவியதில்லை, அதையும் நான் யோசிக்கவில்லை.

காசு கொடுத்துச் சாப்பிட வந்த மனிதரை நாலு பேர் நடுவில் உட்காரவைத்து, நீ யார் என்று சொல் என்று கேட்டிருக்கிறேன். அதுவும் 'ங்க' போட்டு, சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுதவில்லை.

இனி நான் யாரிடமும் கேட்பதில்லை.

நங்கையின் போன் இன்னும் அணைந்துதான் இருக்கிறது. என்மேல் அவருக்கும் கோபமா?

பொற்கொடி


பெரியநாயக்கன்பாளையம்
29 டிசம்பர் 2025

அண்ணனுக்கு,

எங்கேயிருந்தாலும் நன்றாக இருங்கள். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. இனி எழுதுவதும் இல்லை என்று யாரிடமாவது சொல்லிவிட்டீர்களா?

பவுண்டரி வாசலுக்குப் போனேன். ஷிஃப்ட் விட்டு வரும்போது சுப்பண்ணனைப் பார்த்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன், வாயில் வந்தது "காலையில வாங்கண்ணா" என்பது மட்டும்தான். "வாரனுங்கம்மா" என்றார். வரவில்லை. அவர் ஏன் வர வேண்டும்?

பெரிய லேத்தை விற்றுவிட்டோம். வாடகைக்கு வேறு வழி இல்லை. சின்னது இருக்கிறது. லாரி வந்தபோது பெரியதை உருட்டி ஏற்ற ஆள் வேண்டியிருந்தது. உங்கள் மாப்பிள்ளை என்னிடம் சொல்லாமல் நேராக சுப்பண்ணனிடம் போய், கூலி பேசிக் கூட்டிவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. அடியில் குழாய்களைக் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். சுப்பண்ணன் சத்தம் கொடுக்க மற்றவர்கள் தள்ளினார்கள். லாரி முக்குத் திரும்பும்வரை உங்கள் மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். பிறகு லேத் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் அடுப்பைப் பற்றவைத்துச் சந்தகை போட்டேன். எல்லோரும் உட்கார்ந்தார்கள். இனிப்பா காரமா என்று கேட்டேன், வேறு எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை நான் கையில் வாங்கிக்கொண்டேன், கழுவ விடவில்லை. இன்று எங்கள் வேலைக்காக வந்தவர்கள், சாப்பாட்டுக்குக் காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுப்பண்ணன், "கூலி வாங்கிட்டமுங்க. இது தனிங்க, வாங்கிக்கங்க" என்று காசை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கினதில்தான் அவருக்கு மனசு ஆறியது என்று எனக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை காலை பெஞ்சு நிறைந்திருந்தது. வாட்ச்மேன் வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார் உங்கள் மாப்பிள்ளை. கடை நிலைத்துவிடும் என்று நினைக்கிறேன். சந்தோஷப்படத் தெம்பு வந்ததும் சந்தோஷப்படுவேன்.

நீங்கள் எழுதவில்லையென்றால் பொங்கல் முடிந்ததும் நேரில் வருகிறேன். பேச வேண்டாம். பார்த்துவிட்டுப் போகிறேன்.

பொற்கொடி


தொண்டாமுத்தூர்
12 ஜனவரி 2026

அம்மணி பொற்கொடிக்கு,

பதறாமல் படி. ராசாத்தாள் பிழைத்துக்கொண்டாள். இப்போது கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வயிற்றில் கட்டி. மண்டபத்தில் நீ பார்த்தாயே, அப்போதே இருந்திருக்கிறது. கார்த்திகையில் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை இருப்பதால் புண் ஆறவில்லை, மார்கழி பாதிக்கு மேல்தான் விட்டார்கள். பையன் பெங்களூரிலிருந்து வந்தான். கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்களாம், லீவு கேட்கப் பயந்து உடனே போய்விட்டான். நான்தான் இருந்தேன்.

உனக்குச் சொல்லாதது என் வேலை. அவள் போனை அணைத்து வைத்ததும் நான்தான். சொன்னால் நீ தூக்குப்போசியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடிவருவாய். அது வீட்டில் ஆக்கினதா, கடையில் ஆக்கினதா என்று நான் கேட்பேன். சாப்பிட்டால் என் பேச்சு போகும், சாப்பிடாவிட்டால் உன் மனசு நோகும். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அத்தனை நாளும் உன் கடைக்கு ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்தேன்.

அப்படியானால் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பாய். ஆஸ்பத்திரி மதிலை ஒட்டித் தள்ளுவண்டியில் ஒரு பொம்பளை இட்லி விற்றாள். மூன்று வேளையும் அவளிடம்தான். சோறு விற்றால் பேசமாட்டேன் என்று சொன்னவன், விற்ற சோற்றைத் தின்றுதான் உயிரோடு இருந்தேன்.

ஆபரேஷன் அன்றைக்கு ராசாத்தாளை உள்ளே கொண்டுபோனதும் தள்ளுவண்டிக்கு வந்தேன். பக்கத்தில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தட்டை வாங்கியவன், யாரிடமாவது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்போல இருந்து, நானாகவே, "தொண்டாமுத்தூருங்க, காடை கூட்டமுங்க" என்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றாள். இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

அப்போது எனக்குச் சுருக்கென்றது. மரியாதை தெரியாதவள் என்று நினைத்தேன். ஊருக்கு வந்தால் உன் மூன்று கடிதமும் கதவிடுக்கில் கிடந்தன. ஒன்றாக உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்த பிறகுதான் அந்த இட்லிக்காரப் பொம்பளை எதுவும் கேட்காமல் எனக்கு என்ன கொடுத்தாள் என்று தெரிந்தது.

மாப்பிள்ளை சொன்ன பதிலை நீ எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை, உன் அண்ணன் சொன்னதை மீறி நீ கேட்கவா போகிறாய் என்றிருப்பார். உன் கடைக்கு ஆள் வராமல் நின்றது என்னால். நீ என் பெயரை எழுதாமல் விட்டதைப் படித்தபோது, எழுதித் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. தப்பு என்னுடையது, அம்மணி.

உன் கடைக்கு ஒருநாள் வருகிறேன். பேசுவேனா என்று தெரியவில்லை. சொன்ன சொல் குறுக்கே நிற்கிறது.

பாலுசாமி


பெரியநாயக்கன்பாளையம்
18 ஜனவரி 2026

அண்ணனுக்கு,

நங்கைக்குப் புண் நன்றாக ஆறட்டும். காரம் கொடுக்காதீர்கள்.

உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இந்தத் தாளில் அடங்காது. நங்கை ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார், நான் இங்கே சட்னியில் உப்பு சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீம்புக்கு அவர் போனை எதற்காக அணைத்தீர்கள்? கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். உங்கள் மாப்பிள்ளை அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்தத் தள்ளுவண்டி அம்மா நன்றாக இருக்கட்டும்.

வாருங்கள். காலையில் வாருங்கள், சூடாக இருக்கும். ஆனால் வருவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். இப்போது இங்கே யாரையும் யார் என்று கேட்பதில்லை, யாருக்கும் சும்மா போடுவதும் இல்லை. ஒருவரிடம் சொந்தம் என்று வாங்காமல் விட்டால், அடுத்தவரிடம் நீங்கள் சொந்தமில்லை என்று சொன்னதாக ஆகிறது. இதை நான் நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். அதனால் உங்களிடமும் வாங்குவேன். அண்ணனிடம் சோற்றுக்குக் காசு வாங்கியவள் என்று பேசுவார்கள். உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் வராதீர்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

பெரிதாகச் சொல்லிவிட்டேனே தவிர, சாவடி மாமாவிடம் மட்டும் இன்னும் வாய் வரவில்லை. அவர் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து போகும்போது சுப்பண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பொற்கொடி


தொண்டாமுத்தூர்
4 பிப்ரவரி 2026

அம்மணி பொற்கொடிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். ராசாத்தாள் நன்றாக இருக்கிறாள். நீ ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வாங்கிவந்திருக்கலாமே என்றாள்.

நீ என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாய், அழுவாய் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வந்தேன். நீ அழவில்லை. பெஞ்சில் இடம் இல்லை. ஒரு பெரியவர் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினார். அவர்தான் சுப்பண்ணன் என்று பிறகுதான் தெரிந்தது. இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவர் தோளும் என் தோளும் ஒட்டியிருந்தன. அப்படி நான் உட்கார்ந்ததில்லை. நாற்பது வருஷமாக என் தோட்டத்தில் வேலை செய்தவர்களோடுகூட உட்கார்ந்ததில்லை.

இனிப்பா காரமா என்று கேட்டாய். எல்லோரிடமும் கேட்கிற அதே குரல். வாயைத் திறக்காமல் தப்பிக்க முடியாது. இனிப்பு என்றேன். போயிற்று, என் சபதம் ஒரு தட்டுச் சந்தகைக்கு முன்னால் அவ்வளவுதான் நின்றது.

காசை நீட்டினேன். உன் கை ஒரு கணம் தயங்கியது, பார்த்தேன். வாங்கி டப்பாவில் போட்டாய். அப்போதுதான் சாவடி மாமா வந்தார், தட்டை வாங்கினார், என்னைப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன மாப்ள, இங்க உக்காந்திருக்கறே? தங்கச்சிகூடப் பேசறதில்லைன்னு சொன்னயல்ல?" என்றார். அவர் முன்னால் சொன்ன வார்த்தை, அவர் கேட்கத்தான் செய்வார்.

"பேச வல்லீங்க மாமா, சாப்புட வந்தனுங்க. காசுங் குடுத்துட்டனுங்க. நீங்க குடுத்தாச்சுங்களா?" என்றேன்.

மாப்பிள்ளை மெஷினைத் திருகுவதை நிறுத்திவிட்டார். மாமா வேட்டி மடியைத் தடவினார், சட்டைப் பையைத் தடவினார், கடைசியில் எடுத்து நீட்டினார். நீ அதையும் வாங்கி டப்பாவில் போட்டாய். ஒருவரும் சிரிக்கவில்லை. சுப்பண்ணன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார், ஆனால் நிதானமாகச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது, "பார்த்துப் போங்கண்ணா" என்றாய். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்னும் வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்திருப்பாய். அது வீம்பு இல்லை. வீம்பு இனிப்பு என்றபோதே தீர்ந்துவிட்டது. சீர் என்றும் புடவை என்றும் உனக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறேன், எல்லாம் அண்ணன் என்கிற கெத்தில் கொடுத்தது. அன்றைக்குத்தான் உன் உழைப்புக்குக் கொடுத்தேன். நின்று பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் நடந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உக்கடம் வருகிறவரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

இதைத் தபால் பெட்டியில் போட்ட கையோடு உனக்குப் போன் செய்யப் போகிறேன். கடிதம் உன் கைக்கு வருவதற்குள் பலமுறை பேசியிருப்போம். யானை, தேங்காய், ராசாத்தாளின் மாத்திரை என்று என்னென்னவோ பேசியிருப்பேன். இதை மட்டும் பேசியிருக்க மாட்டேன், எனக்கு வராது. அதனால்தான் எழுதி அனுப்புகிறேன்.

உன் அண்ணன்
பாலுசாமி